வளரும் நாய்க்குட்டிக்கு என்ன போடலாம், எவ்வளவு போடலாம்?

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த லேப்ரடார் குட்டிக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலையில் பால் சோறு. மதியமும் இரவும் எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்துக் குழையப் பிசைந்த சோறு. வாலை ஆட்டினால் பிஸ்கட். நான்காம் மாதத்தில் அதன் முன்னங்கால் பாதங்கள் தட்டையாக விரிந்துகொண்டன. நடை வாத்து நடை மாதிரி ஆனது. கால்நடை மருத்துவர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். "கறி சரி, சோறு சரி. எலும்பு எதுல இருந்து வளரும்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, முதல் தடவையாகக் குட்டி வளர்ப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். லேப்ரடாரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எனக்குப் பழகிய ஜாதி அதுதான்.

பிறக்கும்போது அரைக் கிலோகூட இல்லாத லேப் குட்டி ஒரே வருடத்தில் 30 கிலோவை எட்டிவிடுகிறது. நம் குழந்தை 3 கிலோவில் பிறந்து ஒரு வயதில் 10 கிலோவைத் தொட்டாலே நமக்குப் பெரிய விஷயம். இவ்வளவு வேகத்தில் வளரும் உடம்புக்கு, கிலோவுக்குக் கிலோ கணக்குப் பார்த்தால், வளர்ந்த நாயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கலோரி வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அள்ளி அள்ளிப் போடுகிறோம். பிரச்சினை பெரும்பாலும் கலோரியில் வருவதில்லை, கால்சியத்தில்தான் வருகிறது.

நான் போட்ட கறிச்சோற்றையே கணக்குப் பார்க்கலாம். நான்கு மாதக் குட்டி, எடை 14 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி தேவைப்படும். வெந்த கோழிக்கறி 300 கிராம், சோறு 400 கிராம் போட்டால் அந்த 1000 கலோரி வந்துவிடும். புரதமும் தாராளம். ஆனால் அந்தச் சாப்பாடு முழுவதிலும் கால்சியம் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. வளரும் குட்டிக்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 3000 மில்லிகிராம், அதாவது 3 கிராம் கால்சியம் வேண்டும். கறிச்சோற்றில் இருந்தது அதில் முப்பதில் ஒரு பங்குதான். காலையில் ஊற்றும் பாலைக் கூட்டிச் சரிக்கட்டலாமே என்று தோன்றும். 100 மில்லி பசும்பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம். இரண்டரை லிட்டர் பால் ஊற்றினால்தான் கணக்கு நேராகும். அவ்வளவு பால் குடித்த குட்டியின் வயிறு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல், கறியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. அதே சாப்பாட்டில் 800 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். எலும்புக்குப் பாஸ்பரஸும் வேண்டும்தான். ஆனால் கால்சியம் அதற்குச் சமமாகவோ, அதைவிட அதிகமாகவோ இருக்க வேண்டும். இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. என் கறிச்சோற்றில் கால்சியத்தைப்போல எட்டு மடங்கு பாஸ்பரஸ். இதயமும் தசையும் ஓட இரத்தத்தில் கால்சியம் குறையாமல் இருந்தாக வேண்டும். உணவில் வராதபோது, கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகிறது. வரவு இல்லாத வீட்டில் நகையை அடகு வைத்து மளிகை வாங்குவது மாதிரி. கொஞ்ச நாள் ஓடும். வெளியே பார்த்தால் குட்டி கொழுகொழுவென்றுதான் தெரியும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போய், சோபாவிலிருந்து குதித்தாலே முறிந்துபோகும் நிலைமைக்கு வந்துவிடுகிறது.

சரி, மெடிக்கலில் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றிவிடலாம் என்று அடுத்த யோசனை ஓடும். எனக்கும் ஓடியது. இங்கேதான் நாய்க்குட்டியின் உடம்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வளர்ந்த நாயின் குடல் தேவையான கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கழித்துவிடும். சுமார் ஆறு மாதம்வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு போதாது. எவ்வளவு கொடுத்தாலும் அதில் பெரும்பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், கால்சியம் மிகுதியாகக் கொடுத்த குட்டிகளுக்கு எலும்பும் மூட்டும் கோணிப்போனது தெரிந்தது. சிறிய ஜாதிகள் ஓரளவு தாங்கும். பெரிய ஜாதிகள் தாங்காது. அவற்றுக்கு 1000 கலோரிக்கு 3 கிராமுக்குக் குறையவும் கூடாது, 4.5 கிராமைத் தாண்டவும் கூடாது. குறுகலான சந்து அது. நல்ல பப்பி ஃபுட் ஏற்கெனவே அந்தச் சந்துக்குள்தான் இருக்கும். அதன் மேல் ஒரு மேசைக்கரண்டி எலும்புத் தூளைத் தூவினால், அதில் கிட்டத்தட்டக் கால் பங்கு கால்சியம் என்பதால், வெளியே போய்விடும். முழுமையான பப்பி ஃபுட் சாப்பிடும் குட்டிக்கு மருத்துவர் சொல்லாமல் கால்சியம் சிரப்போ மாத்திரையோ வேண்டாம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கடைக்காரர் எடுத்து நீட்டினாலும் வேண்டாம்.

காலை வெயிலில் கட்டிப்போட்டால் வைட்டமின் டி வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. மனிதத் தோல் செய்யும் வேலையை நாயின் தோல் போதுமான அளவு செய்வதில்லை. நாய்க்கு வைட்டமின் டி உணவிலிருந்துதான் வர வேண்டும். வெயில் காய்வது அதற்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், புதிதாக வளர்ப்பவருக்கு என் யோசனை ஒன்றுதான்: முதல் ஒரு வருடத்துக்குக் கடையில் விற்கும் முழுமையான பப்பி ஃபுட்டை முக்கிய உணவாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாப்பாடு கெட்டது என்பதால் இதைச் சொல்லவில்லை. அதைச் சரியான விகிதத்தில் செய்வது முதல் முறை வளர்ப்பவருக்குக் கஷ்டம்.

பாக்கெட் வாங்கும்போது முன்பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுச் சிரிக்கும் நாயைப் பார்க்க வேண்டாம். பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொற்கள் இருக்கிறதா என்று தேடுங்கள். இதை மட்டும் சாப்பிட்டாலே போதும் என்று அதற்கு அர்த்தம். 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'ட்ரீட்' என்றோ இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும், சாப்பாடு ஆகாது. அப்புறம் எந்த வயதுக்கு என்று பாருங்கள். 'பப்பி' அல்லது 'க்ரோத்' என்று இருக்க வேண்டும். 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருந்தாலும் வளரும் குட்டிக்குப் போடலாம். 'அடல்ட்' என்று இருந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள். ஆஃப்கோ என்ற அமெரிக்க அமைப்பின் அளவுகோலைத்தான் பல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அதன்படி ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய் உணவில் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டி உணவில் 22.5 சதவீதம்; கொழுப்பு முறையே 5.5, 8.5 சதவீதம்.

வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டக்கூடிய ஜாதியை அதே அமைப்பு பெரிய ஜாதி என்று தனியாகப் பிரிக்கிறது. லேப்ரடார் அந்தக் கோட்டை ஒட்டியே நிற்பதால் 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று போட்ட பாக்கெட்டையே வாங்குவது நல்லது. ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் எல்லாம் இந்தக் கணக்குதான். அந்தப் பாக்கெட்டில் கால்சியம் அடக்கமாக இருக்கும். பொமரேனியன், பக், ஷிட்சு மாதிரிக் குட்டி ஜாதிகளுக்கு உருண்டை சின்னதாகவும் கலோரி அடர்த்தியாகவும் இருக்கும் வகை பொருந்தும், அவற்றின் வயிறு அவ்வளவு சின்னது.

உலர்ந்த உருண்டையையும் கிரேவி பாக்கெட்டையும் ஒப்பிட்டு நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உருண்டையில் புரதம் 28 என்று இருக்கும், கிரேவியில் 8 என்று இருக்கும். கிரேவியில் 80 சதவீதம் தண்ணீர். மிச்சமுள்ள 20-இல் 8 புரதம் என்றால் ஈரம் கழித்து 40 சதவீதம். உருண்டையில் ஈரம் 10 சதவீதம்தான். அதே கணக்கில் 31 சதவீதம் வரும். அப்படியானால் கிரேவிதானே உசத்தி என்று கேட்பீர்கள். அந்த 14 கிலோ குட்டியை கிரேவியால் மட்டும் வளர்க்க ஒரு நாளைக்கு டஜன் பாக்கெட்டுக்கு மேல் பிரிக்க வேண்டும். பர்ஸ் தாங்காது. உருண்டைக்கு மேல் ஒரு கரண்டி கிரேவி ஊற்றிக் கொடுங்கள், போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துவைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். விலை குறைவு. ஆனால் எப்போது பிரித்தது, எப்போது காலாவதி என்று யாருக்கும் தெரியாது. காற்றுப் பட்ட உருண்டையின் கொழுப்பு சிக்கடிக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூசணமும் பிடிக்கும். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு பாக்கெட்டாக வாங்கி, அந்தப் பையோடேயே டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள்.

இனி அளவு. பாக்கெட்டில் எடைக்கும் வயதுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராமுக்கு 380 கலோரி இருக்கும் உணவென்றால் நம் 14 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 260 கிராம். மூன்று வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 90 கிராமுக்கும் குறைவு. கிண்ணத்தில் போட்டுப் பார்த்தால் 'இவ்வளவுதானா?' என்று மனசு கேட்காது. கோப்பையால் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கை நம்மையறியாமல் கூட்டிக்கொண்டே போகும்.

அளவு சரியா என்று கண்டுபிடிக்க உங்கள் கையே போதும். உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து வைத்து, இன்னொரு கையின் விரலால் புறங்கை எலும்புகளைத் தடவுங்கள். மெல்லிய தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் தட்டுப்படும், ஆனால் துருத்தாது. குட்டியின் விலா எலும்பும் அப்படித் தட்டுப்பட வேண்டும். கையை முஷ்டியாக மடக்கினால் விரல் மூட்டுகள் துருத்துமே, விலா அப்படி இருந்தால் சாப்பாடு போதவில்லை. உள்ளங்கைப் பக்கத்தைத் தடவுகிற மாதிரி சதைக்குள் தேட வேண்டியிருந்தால் அளவைக் குறையுங்கள். வாரம் ஒரு முறை தடவிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு கொஞ்சம் உள்ளே வாங்கியிருக்க வேண்டும். வயிறு மட்டும் உருண்டு, முதுகும் விலாவும் ஒட்டிக் கிடந்தால் அது கொழுப்பாக இருக்காது, பெரும்பாலும் குடற்பூச்சி. பூச்சி மருந்து கொடுத்த தேதியைப் பாருங்கள்.

'புஷ்டியாக இருக்கிறது' என்று பக்கத்து வீட்டார் பாராட்டும் குட்டியைப் பார்த்தால் எனக்கு இப்போது கொஞ்சம் பயம்தான். பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுவதும் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, எட்டு வாரத்திலிருந்தே ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகப் போட்டார்கள். உணவு ஒன்றே, அளவு மட்டும் வேறு. குறைவாகச் சாப்பிட்டவற்றில் பாதி நாய்கள் 13 வயதைத் தாண்டின. மற்றவற்றில் பாதி 11.2 வயதிலேயே போய்விட்டன. ஏறக்குறைய இரண்டு வருடம். மூட்டு வலியும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது.

லேப்ரடார் எப்போது பார்த்தாலும் பசிக்கிறது என்று சொல்லும் முகத்தோடு இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கில் ஒரு லேப்ரடாருக்கு வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அது உண்மையிலேயே பசியாகத்தான் உணர்கிறது. அந்தக் கண்ணைப் பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது. பிஸ்கட், முட்டைத் துண்டு, பயிற்சிக்குக் கொடுக்கும் தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிற்கட்டும்.

குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் தனி. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் 30, 35 நாளிலேயே கைமாறுவது நடக்கிறது. வாங்கும்போது வயதை அழுத்திக் கேளுங்கள், இதுவரை என்ன சாப்பிட்டது என்றும் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதையே கொடுங்கள். அப்புறம் புதிய உணவைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று ஏழு நாளில் ஏற்றுங்கள். உருண்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் சின்னக் குட்டியும் மென்றுவிடும். பால் வேண்டாம். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும், கழிச்சல் பிடித்துக்கொள்ளும். தாயில்லாத பச்சைக் குட்டி என்றால் பசும்பால் இன்னும் மோசம். நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைத்தான் தேட வேண்டும். தயிர் ஒரு கரண்டி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மூன்று மாதம்வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம்வரை மூன்று, அதற்கு மேல் இரண்டு. குட்டி ஜாதிகளை நீண்ட நேரம் பட்டினி போடாதீர்கள். பொமரேனியன் குட்டி ராத்திரி சாப்பிடாமல் தூங்கினால் காலையில் இரத்தச் சர்க்கரை இறங்கித் துவண்டு கிடக்கும். ஈறில் கொஞ்சம் தேனைத் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். உணவு மாற்றியதால் ஒரு நாள் இளகிப்போனால் பரவாயில்லை. வாந்தியும் நாற்றமடிக்கும் கழிச்சலும் சேர்ந்து வந்தால், அதிலும் இரத்தம் தெரிந்தால், உணவைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார வேண்டாம். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

"எங்க தாத்தா சிப்பிப்பாறைக்குக் கூழ் ஊத்தியேதான் வளர்த்தார், அது முயல் பிடிக்கலையா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. நாய்களுக்கு மாவுச்சத்து செரிக்கும். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு அதற்கான மரபணு நாய்களிடம் பல நகல்களாகப் பெருகியிருப்பதை 2013-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். கேழ்வரகும் சாதாரணத் தானியம் இல்லை. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியைவிடப் பல மடங்கு. 1000 கலோரிக்குக் கூழ் ஊற்றினால் தேவையில் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும், உடம்பில் ஒட்டுவது அதைவிடக் குறைவுதான் என்றாலும். மிச்சத்துக்கு அந்த நாய் பிடித்த முயலையும் எலியையும் எலும்போடு தின்றது. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கும் குட்டிக்கு அந்த வசதி இல்லை. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை பிறவியிலேயே ஒல்லிவாகு. விலா லேசாகத் தெரிந்தால் பயந்து கொழுக்க வைக்காதீர்கள்.

வீட்டிலேயே சமைத்துப் போடத்தான் ஆசை என்றால் இரண்டு வழி. ஒன்று, பப்பி ஃபுட்டின் அளவைச் சற்றே குறைத்து, பத்தில் ஒரு பங்கு கலோரிக்கு வேகவைத்த முட்டை, உப்பில்லாத கோழிக்கறி, பூசணிக்காய், கேரட் சேர்ப்பது. பயமில்லாத வழி. மற்றொன்று, முழுவதும் வீட்டுச் சாப்பாடு. அதற்குக் குட்டியின் எடையையும் வயதையும் சொல்லி, கால்சியம் எத்தனை கிராம் என்பதுவரை எழுதி வாங்க வேண்டும். சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஊட்டச்சத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. யூடியூபில் பார்த்த அளவை நம்பாதீர்கள்.

மிச்சம் மீதியைப் போடும் பழக்கம் நம்மை விடாது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பார் சோறு கூடாது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எதுவானாலும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் போட்ட சூயிங்கமும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிரியாணி வாங்கிய அன்று குப்பைக்கூடைக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் குட்டிக்கு அன்றைக்கே உணவு மாறியது. மருத்துவர் எழுதிக்கொடுத்தது லார்ஜ் பிரீட் பப்பி ஃபுட், மூன்று வேளை, தராசில் எடை பார்த்து. சில வாரங்களுக்குக் குதிக்கவும் படியேறவும் விடக் கூடாது. சிரப் எதுவும் எழுதவில்லை. நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் பாதம் எழும்பி நின்றது. பதினான்காம் மாதம்வரை அதே உணவைத் தொடர்ந்தோம். சிறிய ஜாதிகளை 10 முதல் 12 மாதத்திலேயே அடல்ட் உணவுக்கு மாற்றிவிடலாம். லேப் அளவுள்ளவற்றை 12 முதல் 15 மாதத்தில், கிரேட் டேன் மாதிரி ராட்சத ஜாதிகளை 18 முதல் 24 மாதத்தில். அந்த மாற்றத்துக்கும் அதே ஏழு நாள் கணக்குதான்.